சாவி வாங்கும் முன் வீட்டைப் பார்க்கப் போவது யார்?

போன ஆடி மாதம் ஓய்வு பெற்ற ஒரு தம்பதி எங்கள் சங்கக் காரியாலயத்துக்கு வந்தார்கள். இருவரும் ஒரே தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் உழைத்தவர்கள். அம்மா கொழுந்து மலையில், ஐயா கவ்வாத்திலும் கான் வெட்டிலும். சம்பளப் பிரச்சினை, பெயர் வெட்டிய பிரச்சினை என்று எதுவும் இல்லை. ஐயா மகனுடைய போனை எடுத்து மேசையில் வைத்து ஒரு படத்தைக் காட்டினார். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவர். தரை மூலையில் இருந்து ஜன்னல் வரை சாய்வாக ஒரு வெடிப்பு, விரல் நுழையும் அளவுக்கு.

“ஏன் மாஸ்டர், பாஸ் வந்து பாத்துட்டுத்தானே நல்ல வீடுன்னு சொன்னாரு?” என்று அம்மா கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

இருவருடைய ஊழியர் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் சேர்ந்து வந்த பணம், அதோடு கொழும்பில் கடையில் நிற்கிற மகன் அனுப்பியது, மருமகளின் சங்கிலி அடகு வைத்தது. எல்லாவற்றையும் போட்டு டவுனுக்குப் பக்கத்தில் ஆறு பேர்ச்சஸில் ஒரு வீடு வாங்கினார்கள். வீட்டைக் காட்டியவர் ஒரு புரோக்கர். “நீங்க பயப்படாதீங்க, நம்ம பாஸ் ஒருத்தர் இருக்காரு, அவர வச்சே பாத்துக்கலாம்” என்று சொன்னவரும் அவரே. அந்தப் பாஸ் வந்தார், சுவரைக் கையால் தட்டினார், கூரையை நிலத்தில் நின்றபடியே பார்த்தார், பிளேன்டீ குடித்தார், “கல்லு மாதிரி இருக்கு, கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்” என்றார். கால் மணித்தியாலம். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள்.

வைகாசியில் மழை பிடித்தது. பத்து நாள் விடாமல் பெய்த பிறகு வீட்டின் பின்பக்க மூலை இறங்கத் தொடங்கியது. விசாரித்தால், முன் பாதி வெட்டிய நிலத்தில் நிற்கிறது, பின் பாதி மண் போட்டு நிரப்பிய இடத்தில் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விடயம் அது. பாஸுக்குப் புரோக்கர் காசு கொடுத்ததும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இப்போது அதே பாஸ், திருத்தித் தருகிறேன் என்று ஒரு பெரிய தொகை கேட்கிறாராம்.

இதில் எங்கள் பிழையும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. சேமலாப நிதிப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தது நாங்கள். ‘பி’ அட்டையில் பெயரும் அடையாள அட்டையில் பெயரும் வேறு வேறாக இருந்தபோது அலைந்து திரிந்து சரிசெய்தது நாங்கள். நொத்தாரிசிடம் போகச் சொன்னதும், உறுதியைப் பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னதும் நாங்கள்தான். ஆனால் “வீட்டை யார் பார்த்தது, அவருக்கு யார் காசு கொடுத்தது?” என்ற கேள்வி எங்கள் வாயில் வரவில்லை. காகிதம் சரியாக இருந்தால் வீடும் சரியாக இருக்கும் என்று நினைத்துவிட்டோம்.

தோழர்களே, நமது ஆட்களுக்கு வீட்டைப் பரிசோதித்து வாங்குகிற பழக்கம் வராததற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் பிறந்தோம். பாட்டன் இருந்த காம்பராவில் அப்பா இருந்தார், அப்பா இருந்த காம்பராவில் நாம். அதை நாம் தெரிந்தெடுக்கவில்லை, தோட்டம் கொடுத்தது. தகரம் ஒழுகினால் துரையிடம் சொன்னோம், துரை கேட்காவிட்டால் சங்கத்திடம் சொன்னோம். காசு கொடுத்து வாங்காத வீட்டை யார் பரிசோதிப்பது? இப்போது நிலைமை மாறுகிறது. வேலையில் இருக்கும்போது மாதா மாதம் நமது சம்பளத்தில் 8 வீதமும் தோட்டத்தின் பங்கு 12 வீதமும் சேமலாப நிதிக்குப் போகிறது, நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 வீதம். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அந்தப் பணத்தை எடுக்கலாம். வாழ்நாளில் ஒரு முறைதான் அப்படி ஒரு தொகை நம் கைக்கு வருகிறது. அதை ஒருவர் கால் மணித்தியாலத்தில், ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரத்தில் தீர்த்து வைக்கிறார்.

வெளிநாடுகள் சிலவற்றில் வீட்டுப் பரிசோதகர் என்றே தனித் தொழில் உண்டு. வாங்குகிறவர் காசு கொடுத்து அவரை அழைப்பார், அவர் அரை நாள் நின்று பார்த்து அறிக்கை எழுதிக் கொடுப்பார். நமது மலையக டவுன்களில் அப்படிப் பெயர்ப்பலகை போட்டவரை நாங்கள் கண்டதில்லை. அதனால் நாம்தான் ஆளைத் தேட வேண்டும். அதற்கு முன், யார் நமக்காகப் பார்ப்பதில்லை என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் நம்மவர்கள் அங்கேதான் ஏமாறுகிறார்கள்.

நொத்தாரிசு உறுதியைப் பார்ப்பார், சுவரைப் பார்க்க மாட்டார். நில அளவையாளர் எல்லையை அளப்பார், அந்த எல்லைக்குள் மண் இறுகியதா இளகியதா என்பது அவர் வேலை இல்லை. பிரதேச சபை அனுமதித்தது வரைபடத்தை. வரைபடத்தில் போட்ட கம்பி அத்திவாரத்தில் போடப்பட்டதா என்பது வேறு கதை. கடன் எடுத்தால் வங்கி மதிப்பீட்டாளரை அனுப்பும். “பேங்க்காரனே பாத்துட்டான், பிறகு என்ன?” என்று நம்மவர்கள் சொல்வதைப் பல தடவை கேட்டிருக்கிறோம். அவர் பார்ப்பது, நாம் கடனைக் கட்டாவிட்டால் அந்த வீட்டை விற்று வங்கி தன் பணத்தை எடுக்கலாமா என்பதை. மலசலகூடக் குழி நிரம்பி வழிவது பற்றி அவருக்கு என்ன கவலை?

ஆகவே நமக்காகப் பார்க்க ஒருவர் வேண்டும். ஓய்வு பெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் பலர் நமது டவுன்களில் இருக்கிறார்கள். வீதி, பாலம், பாடசாலைக் கட்டிடம் என்று முப்பது வருடம் மேற்பார்வை செய்தவர்கள். எங்கள் அபிப்பிராயத்தில் சாதாரண வீட்டுக்கு அவர்களே பொருத்தம். பெரிய அணைச்சுவரோ மேல் மாடியோ இருந்தால் பட்டயப் பொறியியலாளர் ஒருவரிடம் போவதுதான் சரி. நல்ல பாஸும் கெட்டிக்காரர்தான், நாம் பாஸ்மாரைக் குறைத்துச் சொல்லவில்லை, நமது தோட்டப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இன்று கொழும்பில் பாஸ் வேலை செய்கிறார்கள். ஆனால் அந்த வீட்டைக் கட்டிய பாஸும், அந்த வரைபடத்தை அனுமதித்த அலுவலரும், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். தன் பிழையைத் தானே கண்டுபிடித்துச் சொல்கிறவர்கள் குறைவு.

முதலில் கேட்க வேண்டியது அவருடைய படிப்பை அல்ல. அவருக்குக் காசு யார் கொடுக்கிறார் என்பதை. புரோக்கர் கூட்டிவந்தவர், விற்பவர் கூட்டிவந்தவர், ‘சும்மா உதவிக்கு’ வந்தவர், மூவரையும் அனுப்பிவிடுங்கள். சும்மா வருகிறவருக்கு எங்கிருந்தோ காசு வருகிறது. நமது கையால் எண்ணிக் கொடுக்கிற கூலியை வாங்குகிறவர்தான் நமக்குப் பதில் சொல்வார். அந்தத் தம்பதி ஒரு ஆளுக்கு ஐயாயிரம் கொடுக்க யோசித்தார்கள். நாங்களும் அப்படித்தான் யோசித்திருப்போம்.

அடுத்தது, பிழையைக் காட்டிவிட்டு “நானே திருத்தித் தாரேன்” என்று சொல்கிறவரிடம் கவனமாக இருங்கள். இல்லாத நோயைச் சொல்லி மருந்து விற்கலாம், இருக்கிற நோயைச் சின்னதாகக் காட்டி வாங்க வைத்துவிட்டுப் பிறகு பெரிய கணக்கும் போடலாம். பார்க்கிறவர் ஒருவர், திருத்துகிறவர் இன்னொருவர் என்று பிரித்து வைத்தால் தலையிடி குறையும்.

“வாங்க வேண்டாம்னு நீங்க சொன்ன வீடு ஏதும் இருக்கா?” என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். நாங்கள் இப்போது எல்லோரிடமும் கேட்கிற கேள்வி இது. இருக்கிறது என்றால் எங்கே, ஏன் என்று கேளுங்கள். முடிந்தால் அவரை முன்பு கூப்பிட்டவர்களிடம் போய் விசாரியுங்கள். பத்து வருடம் வீடு பார்த்து ஒரு வீட்டையும் வேண்டாம் என்று சொல்லாதவர் நமக்கு வேண்டாம்.

மலை நிலத்தை அவர் அறிந்திருக்க வேண்டும். நாங்கள் இதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்போம். சமதரையில் வீடு கட்டிப் பழகியவருக்கு நமது நிலம் புரியாது. நமது வீடுகள் சுவரால் விழுவது குறைவு, நிலத்தால் விழுவதுதான் அதிகம். நல்ல ஆள் வந்தவுடன் வீட்டுக்குள் போக மாட்டார். வீட்டுக்கு மேலே ஏறிப் போவார். மேலே இருக்கிற தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது, கான் அடைபட்டிருக்கிறதா, மேல் வீட்டுக்காரரின் குழி எங்கே என்று பார்ப்பார். நிலத்தில் வெடிப்பு இருக்கிறதா, மரங்களும் லைட் கம்பங்களும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றனவா, புதிதாக ஊற்று கிளம்பியிருக்கிறதா, இருந்த ஊற்று கலங்கலாக வருகிறதா அல்லது நின்றுவிட்டதா என்று அயலாரைக் கேட்பார். மண்சரிவுக்கு முன் நிலம் காட்டுகிற அடையாளங்கள் இவைதான். பிறகு கீழே இறங்கி அணைச்சுவரைப் பார்ப்பார். சுவரில் தண்ணீர் வெளியேறும் துவாரங்கள் உண்டா, உண்டென்றால் அவை மண் அடைத்துக் கிடக்கின்றனவா, சுவர் வயிறு தள்ளி நிற்கிறதா என்று பார்ப்பார். எங்கே நிலத்தை வெட்டினார்கள், வெட்டிய மண்ணை எங்கே கொட்டினார்கள் என்று கேட்பார். அந்தத் தம்பதியின் வீட்டில் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும்.

தேசியக் கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையையும் அவர் கேட்பார். நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி போன்ற மண்சரிவு மாவட்டங்களில் ஆபத்தான நிலத்தில் கட்டிட அனுமதி எடுக்க அந்த நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். விற்பவரிடம் பிரதியைக் கேளுங்கள். “அதெல்லாம் அப்போ தேவைப்படல” என்று சொன்னால், மாவட்டக் காரியாலயத்துக்குப் போய் அந்த இடம் மண்சரிவு வரைபடத்தில் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று விசாரியுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறந்திருக்க மாட்டோம். அந்த மலை ஆபத்தானது என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது, சனங்கள் லயத்தில் இருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் நமது மாவட்டங்கள் பட்ட பாட்டுக்குப் பிறகும் ‘மலிவாகக் கிடைக்கிறது’ என்று சரிவில் வீடு பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சரிவில் உள்ள வீடு இப்போது ஏன் மலிவு என்று கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக்குள் பார்ப்பது பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. சீட்டுக்கு மேலே ஏறாதவர், சீலிங்குக்குள் டோர்ச் அடிக்காதவர், கட்டிலையும் அலுமாரியையும் இழுத்துப் பின்பக்கச் சுவரைப் பார்க்காதவர் பரிசோதிக்கவில்லை. புதுப் பெயின்ட் அடித்த வீட்டைக் கூடுதல் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். பெயின்ட் அடித்தது நம்மை வரவேற்கவா, வெடிப்பை மறைக்கவா தெரியாது. வயரிங்கை அதற்குப் படித்த ஒருவரே பார்க்கட்டும், ட்ரிப் சுவிட்ச் பட்டனை அமத்தினால் விழுகிறதா என்று நாமும் பார்க்கலாம். நாங்கள் பாடசாலைப் பிள்ளைகளிடம் இருந்து படித்த ஒரு வேலையையும் சொல்கிறோம். வீட்டு நடுவில் ஒரு போளையை வைத்துவிடுங்கள். அது ஓடிப்போய் ஒரே மூலையில் நின்றால், நாலு இடத்தில் வைத்தாலும் அந்த மூலைக்கே ஓடினால், அந்த மூலை இறங்கியிருக்கலாம். அந்தத் தம்பதியின் பேரன் விளையாடும்போது போளை பின்பக்கமே ஓடியதாம். “வீடு மாறினதும் அவனுக்கு அது ஒரு வேடிக்கை” என்றார் அம்மா.

நாமும் கூடவே நடக்க வேண்டும். அவர் விரும்பாவிட்டால் அவர் சரியான ஆள் இல்லை. மழை நாளில் ஒரு தடவையாவது பார்க்கச் சொல்லுங்கள், வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடுதான். கடைசியில் கண்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள், தமிழில். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதிய தாளை மகன் கொழும்பில் இருந்து வரும்வரை பெட்டிக்குள் வைத்துக்கொண்டு என்ன செய்வது? “எழுத்தில தர மாட்டேன், வாயால சொல்றேன்” என்கிறவர் பிறகு “நான் அப்படிச் சொல்லலையே” என்பார்.

இதையெல்லாம் முற்பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டும். கொடுத்த பிறகு நாம் விற்பவரின் கைக்குள். இன்னொன்று, கடையில் வாங்கிய கடதாசியில் ‘முற்பணம் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதி முத்திரை மேல் கையெழுத்து வாங்கினால் காணி விற்பனைக்கு உடன்படிக்கை ஆகிவிடாது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடைக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்கிறேன் என்ற உடன்படிக்கையும் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் நொத்தாரிசு எழுத வேண்டும். அப்படி எழுதும்போது, பரிசோதனையில் பெரிய பிழை கண்டால் முற்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். விற்பவர் அந்த ஒரு வரிக்கு எவ்வளவு சண்டை பிடிக்கிறார் என்பதில் இருந்தே வீட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பேசியபோது ஒரு தோழர் கோபப்பட்டார். “லயத்தில தகரம் பறக்குது, நீங்க டவுன் வீட்டப் பத்திப் பேசுறீங்க. சங்கம் என்ன புரோக்கர் வேலையா பாக்கப் போகுது?” என்றார். அவர் கோபம் நியாயம். இன்னும் நம்மில் ஏராளமானோர் லயத்தில்தான் இருக்கிறோம். ஆனால் நாங்கள் சொல்ல வந்தது டவுன் வீட்டோடு முடியவில்லை. லயத்தை விட்டு ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் இதே கேள்விதான்.

இந்திய உதவியில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள், பிறகு 2017இல் இந்தியப் பிரதமர் நோர்வூட் வந்தபோது அறிவித்த 10,000 வீடுகள் என்று திட்டங்கள் வந்தன. அதற்கு முன்னும் பின்னும் வேறு திட்டங்களும் வந்தன. வீடு வந்ததில் நமக்கு மகிழ்ச்சிதான், அது போராடிக் கிடைத்தது. ஆனால் சாவி கொடுக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். பந்தல், மாலை, மங்கள விளக்கு, ரிப்பன். பெரியவர்கள் பேசி முடிய ஒரு தாளை நீட்டி ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்ற இடத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். வீட்டுக்குள் இன்னும் காலடி வைக்காத நமது அக்கா, வெட்கத்தோடு கையெழுத்துப் போடுகிறார். கட்டியவர்களே பார்த்து, கட்டியவர்களே சரி என்று எழுதிய தாள் அது. டவுனில் புரோக்கரின் பாஸ் செய்ததற்கும் இதற்கும் எங்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

எனவே தோட்ட வீடமைப்பு விடயத்திலும் சங்கம் ஒரு கோரிக்கையை எடுக்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம். வீடு பெறுகிறவர்கள் தெரிந்தெடுக்கிற, கட்டுகிறவரிடம் காசு வாங்காத ஒருவர், அத்திவாரத்தை மூடும் முன் ஒரு தடவை, கூரை ஏறும் முன் ஒரு தடவை, சாவி கொடுக்கும் முன் ஒரு தடவை பார்க்க வேண்டும். அத்திவாரம் மூடிய பிறகு கம்பியை யார் எண்ண முடியும்? கட்டுமான ஒப்பந்தங்களில் ஒரு பங்குப் பணத்தைப் பிடித்து வைத்து, குறைதீர் காலம் முடிந்த பிறகு கொடுக்கிற வழக்கம் இருக்கிறது. நமது வீடுகளுக்கு அந்தக் காலம் ஒரு பருவமழையையாவது தாண்ட வேண்டும். பரிசோதகர் எழுதியதைத் தமிழில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுக்க வேண்டும். அதுவரை கையெழுத்துத் தாளில் ‘பார்த்த அளவில், இன்ன குறைகளோடு பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிப் போட நமது ஆட்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். போன வருடம் ஒரு தோட்டத்தில் ஒரு தங்கச்சி அப்படி எழுதினார். அதிகாரி முகத்தைச் சுளித்தார், வந்திருந்தவர்கள் குசுகுசுத்தார்கள். மூன்று கிழமைக்குள் அவர் வீட்டுக் கதவும் குசினித் தண்ணீர்க் குழாயும் மாற்றிக் கொடுக்கப்பட்டன. பக்கத்து வீடுகளில் இன்னும் மாற்றவில்லை.

அந்தத் தம்பதியின் விடயத்தில் நாங்கள் ஓய்வு பெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரைக் கூட்டிப் போனோம். மூன்று மணித்தியாலம் பார்த்தார். மேலே இருந்து வருகிற தண்ணீரைத் திருப்பிக் கான் வெட்டினால் இறங்குவது மெதுவாகும், பின் அறையை அத்திவாரத்தில் இருந்தே திரும்பக் கட்ட வேண்டும், அதுவரை அந்த அறையில் யாரும் படுக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். ஐயா இப்போது காலையில் மண்வெட்டியோடு கான் வெட்டுகிறார். “ஓய்வெடுத்தும் அதே வேலதான்” என்று சிரிக்கிறார். விற்றவரிடம் நட்டஈடு கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறோம், பதில் வரவில்லை.

அடுத்த மாவட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு பட்டியல் தயாரிக்கும் யோசனையை முன்வைக்கிறோம். வீடு பார்க்கத் தகுதியானவர்களின் பெயர், அவர்கள் வாங்கும் கூலி, அவர்களை ஏற்கனவே கூப்பிட்டவர்கள் யார் என்ற விபரம். ஒவ்வொரு சங்கக் காரியாலயத்திலும் அது தொங்க வேண்டும். உங்கள் பக்கத்தில் அப்படி ஒருவர் இருந்தால், நீங்கள் நேரில் கூப்பிட்டு வேலை வாங்கியவராக இருந்தால், தோட்டத் தலைவரிடமோ தலைவியிடமோ பெயரை எழுதிக் கொடுங்கள். புரோக்கர் சொன்ன பெயர்கள் வேண்டாம்.